ஒரே சுவரில் இரண்டு நீலம்

பாபு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப்போவதில்லை. நேற்றுக் காலைதான் ஃபோனில் கேட்டேன், நீயும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாய். பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள் என்றாய், ரேவதிக்கு இடுப்புவலி தேவலை என்றாய். எல்லாம் பேசி முடித்து ஃபோனை வைக்கப்போகிற நேரத்தில், போகிற போக்கில் அந்த விஷயத்தைச் சொன்னாய். ரேவதியின் லீவு முடிகிறது. இத்தனை நாள் கூட இருந்து பார்த்துக்கொண்ட அவள் அம்மா மணவாள நகருக்குத் திரும்பியாக வேண்டும், அங்கே மூத்தவளுக்குப் பிரசவம். அதனால் ரேவதி பகல் ஷிப்டுக்குப் போவாள், நீ வாராவாரம் மாறாமல் நைட் ஷிப்டே வாங்கிக்கொள்வாய், திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் சொல்லிவிடப்போகிறாய். "கொழந்த எப்பவுமே ஒருத்தர் கையில இருக்கும்மா. நீயும் நைனாவும் பண்ணதுதான. நான் இன்னா கெட்டா பூட்டன்?" என்று சிரித்தாய்.

நான் வேண்டாம்டா என்றேன். ஏன் என்று கேட்டாய். நான் காரணம் சொல்வதற்குள் நீயே சொன்னதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "லாக்டவுன்ல நான்தான் கூடவே இருந்து பாத்தனே. ரெண்டு பேரும் சேந்து ஊட்டையே புதுசாக்கினீங்க. அவ்ளோ வருசம் ஆளுக்கொரு ஷிப்ட் பாத்தவங்க மாதிரியா இருந்தீங்க?" என்றாய். உடனே யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாய். மறுபடியும் ஃபோன் போடலாம். ஆனால் ஃபோனில் நான் இரண்டு வார்த்தை பேசினால் நீ நான்கு 'சரிம்மா' போட்டு மூடிவிடுவாய். காகிதத்துக்கு 'சரிம்மா' சொல்ல முடியாது. ரேவதியும் படிக்கட்டும். அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை, அவளுக்குத்தான் முக்கியமாகத் தெரிய வேண்டும்.

நாங்கள் எப்படி ஆரம்பித்தோம் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. உன் நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்கிற ரோலிங் மில்லில் உலைப் பக்கம் வேலை. எனக்கு அங்கேயே சிப்காட் தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில், வண்டிகளுக்குள் போகிற ரப்பர் வளையங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்குகிற வேலை. இரண்டு இடத்திலும் பன்னிரண்டு மணி நேரம். உன் தாத்தாக்கள், ஆயாக்கள் எல்லோரும் பொன்னேரியைச் சுற்றி யார் யார் கழனியிலோ இன்னும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளை பார்க்க யாரும் வர முடியாது. அவர் நைட் வாங்கிக்கொண்டார், நான் பகலுக்குப் போனேன். நான் வீட்டைப் பூட்டிக் கிளம்பிய பிறகு அவர் பொன்னேரியில் ரயிலிறங்கி வருவார். நடுவில் இருக்கிற ஒன்றரை மணி நேரம் நீ எதிர்வீட்டு அம்மாவிடம் இருப்பாய். சாயந்திரமும் அதே கதைதான். அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு, எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

நீ நடக்கிற வரைக்கும் என்றுதான் பேசிக்கொண்டோம். நீ நடந்தாய். பள்ளிக்கூடம் சேர்கிற வரைக்கும் என்றோம். சேர்ந்தாய். மத்தியானம் வீடு திரும்புகிற பையனுக்குச் சோறு போட ஆள் வேண்டுமே என்றோம். அப்புறம் பத்தாவது, அப்புறம் டிப்ளமோ. கடைசியில் காரணம் கேட்பதையே விட்டுவிட்டோம். தண்ணீர் வருகிற நேரம் போல, ரயில் வருகிற நேரம் போல அதுவும் ஒரு நேரமாகிவிட்டது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடவும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே. அக்கம்பக்கத்தில் எல்லோரும் எங்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள், அந்த வீட்டில் சத்தமே கேட்காது என்று.

ஒரு ஆடி மாதம் மூன்று பேருமாகப் பெரியபாளையம் போனோம், உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு அம்மை போட்டு இறங்கியதற்காக வேண்டுதல். அவர் ஷிப்ட் முடிந்து, குளித்துவிட்டு அப்படியே கிளம்பி வந்தார். பஸ்ஸில் தூங்கினார். கோயிலில் நான் உனக்கு வேப்பிலை கட்டி அழைத்துக்கொண்டு சுற்றி வருகிற நேரம், ஒரு வேப்பமர நிழலில் துண்டை விரித்துத் தூங்கினார். வேப்பிலை விற்ற அம்மா உன்னைக் கொஞ்சி, உங்க நைனா இன்னா வேலை செய்றாரு என்று கேட்டாள். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "தூங்குவாரு" என்றாய். நாங்கள் இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். நானும் அந்த அம்மாவும்தான். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், கூட்டத்தில் மறந்துபோனேன். இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

இப்போது லாக்டவுனுக்கு வருகிறேன். மில்லில் உலையை அணைத்துவிட்டார்கள் என்று அவர் வந்து சொன்னபோது, யாரோ செத்துப்போன சேதி சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய சர்வீஸில் அந்த உலை முழுசாகக் குளிர்ந்ததே இல்லையாம். என் கம்பெனியும் மூடிவிட்டார்கள். தெருமுனையில் தகரம் வைத்து அடைத்தார்கள். நீ செல்போனை எடுத்துக்கொண்டு ஆன்லைன் கிளாஸ் என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டாய், சோற்றுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் இறங்குவாய். கீழே ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, நாங்கள் இரண்டு பேர். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பகல் எங்களுக்கு வந்ததில்லை. ஆசையாக இருந்திருக்கும் என்று நீ நினைப்பாய். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரயிலில் எதிர் சீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அவர் வழக்கம்போலக் காலையில் படுத்தார், சாயந்திரம் எழுந்தார். எழுந்து குளித்து, சட்டை மாட்டி, தலை வாரி, வாசலில் உட்கார்ந்தார். போக இடம் கிடையாது என்று அவருக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. எனக்கும் அதே கதைதான். விடியற்காலை எழுந்து சமைத்து, டப்பா கட்டி, புடவை மாற்றிக்கொண்டு நிற்பேன். பிறகு டப்பாவைத் திறந்து, கட்டிய சோற்றை நானே வீட்டில் உட்கார்ந்து தின்பேன். மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கொஞ்ச நாளில் திறந்துவிடுவார்கள், அதற்குள் பழக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் அப்புறம் பேஜாரு என்றார் அவர். நானும் ஆமாம் என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

சும்மா இருக்க எங்கள் இரண்டு பேர் கைக்கும் தெரியாது. முதலில் நான்தான் ஆரம்பித்தேன். பரணில் பழைய ஒயர் கட்டு கிடந்தது, பச்சையும் மஞ்சளும். ஒரு கூடை போட உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்ததும் பாதியில் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் அது நான்கு விரல் வளர்ந்திருந்தது. அவர் முடிச்சு, கம்பி கட்டுகிற முடிச்சு. இரும்பு கட்டிப் பழகிய கை ஒயரை எப்படி இழுக்கும்? என் பாகம் தளதளவென்று இருந்தது, அவர் பாகம் கல் மாதிரி இறுகியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, விட்ட இடத்திலிருந்து பின்னினேன். ராத்திரி அவர் பின்னினார். கடைசியில் அந்தக் கூடைக்கு இரண்டு இடத்தில் இடுப்பு வந்துவிட்டது. நீ ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாய், புது மாடல் என்று உன் சிநேகிதர்கள் எழுதினார்கள்.

கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். முந்தின ஷிப்ட்காரன் விட்ட வேலையை அடுத்தவன் எடுத்துக்கொள்வான், முகம் பார்க்க வேண்டியதுகூட இல்லை. அதைத்தான் நாங்கள் வீட்டுக்குள் செய்தோம். பகலில் நான் அரிசி சாக்குகளில் மண் கொட்டி மாடிப்படி ஓரம் கீரை விதைத்தேன். அவர் ராத்திரியில் பழைய இரும்பு ஆங்கிள் துண்டுகளை வைத்து அதற்கு ஒரு ஸ்டாண்டு செய்தார். நான் மிக்ஸி மூடிக்கு ரப்பர் மாட்டினேன், அவர் ஃபேன் இறக்கையைத் துடைத்து எண்ணெய் விட்டார். முதல் வாரம் அவர் ராத்திரியில் சுத்தியல் எடுத்தார், எதிர்வீட்டிலிருந்து கத்தினார்கள். அதற்கப்புறம் சத்தம் வராத வேலையாகப் பார்த்துச் செய்தார். பகலில் அவர் தூங்குகிறார் என்று நானும் சத்தம் வராத வேலையாகச் செய்தேன். தாளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வேன். மேலே இருந்த உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கேட்க ஒன்றும் இல்லை.

கீரை முளைத்தது. பச்சைப் பசேலென்று ஒரு விரல் உயரம் வந்தது, அப்புறம் மஞ்சள் பாய்ந்தது. சத்து போதவில்லை என்று நினைத்து அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். இன்னும் மோசமாயிற்று. ஒருநாள் வேரோடு பிடுங்கிப் பார்த்தால் அழுகல் நாற்றம். காலையில் நான் தண்ணீர் ஊற்றுகிறேன், ராத்திரியில் அவரும் ஊற்றியிருக்கிறார். ஒருவர் ஊற்றியது இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உனக்கு நாங்கள் சொன்னது பூச்சி விழுந்துவிட்டது என்று. அவரும் அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன், அதுகூடப் பேசி வைத்துக்கொண்டு சொன்னது இல்லை.

பிறகு சுவர். நீ ரொம்பப் பெருமையாக எல்லோருக்கும் அனுப்பினாயே, அந்த ரூம் சுவர். கடை கண்ணி திறக்கவில்லை, பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த சுண்ணாம்பும் நீலப்பொடியும் இருந்தன. நான் பகலில் கலந்து ஜன்னல் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்தேன், கட்டிலில் அவர் தூங்கினார், அவர் மேல் துளி விழாமல் இருக்க ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டேன். வாளி காலியானதும் நிறுத்தினேன். ராத்திரியில் அவர் புதுசாகக் கலந்து மீதியை அடித்திருக்கிறார், அதே புடவையை என் மேல் போர்த்திவிட்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்ததாம். விடிந்து ஜன்னலைத் திறந்தேன். பாதிச் சுவர் வானம் மாதிரி, பாதிச் சுவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நீலப் பாவாடை மாதிரி. கோடு கிழித்தாற்போல நடுவில் பிரிந்து நின்றது. நீ இறங்கி வந்து பார்த்து, டிசைன் சூப்பர் என்றாய். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். உன் சித்தப்பாகூட ஃபோன் போட்டு, லாக்டவுனை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்று அண்ணி வீட்டில் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பாராட்டினான். டிசைன் இல்லை பாபு. ஒருவர் கலந்த நீலத்தை இன்னொருவர் பகல் வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சுவரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. இன்றைக்குத் தூங்காதீங்க, ஒருநாள் முழித்திருந்து பாருங்க என்று அவரிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். சரி என்று முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று யோசித்தேன், தெரியவில்லை. பேப்பர் எடுத்துப் படிக்கலாம் என்று கண்ணாடியை மாட்டினேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, எப்பத்துலேருந்து கண்ணாடி போட்டுக்குனு கீற?"

மூன்று வருஷமாகப் போட்டிருக்கிறேன். ரப்பர் வளையத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் போய், கம்பெனியே டாக்டரிடம் அனுப்பி வாங்கித் தந்தது. அதைச் சொன்னேன். ஓ என்றார். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஏனென்றால் அவர் டீ கிளாஸை நீட்டிய கையில் முழங்கை வரைக்கும் ஒரு தழும்பு, இழுத்துப் பிடித்த தோல், பழசாகி வெளுத்திருந்தது. அதை அப்போதுதான் நான் பார்க்கிறேன். கேட்டேன். உலை வாயில் ஒரு துண்டு தெறித்துவிட்டது, ஆச்சு அது ரெண்டு தீபாவளி என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற உரிமை எனக்கு இருந்ததா என்று தெரியவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மாசம் வேலைக்குப் போயிருக்கிறார். வந்து படுத்திருக்கிறார், எழுந்து போயிருக்கிறார். நான் துவைத்த சட்டையில் மருந்து வாசனை அடித்திருக்கும். மில் வாசனை என்று நினைத்திருப்பேன்.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை. மரத்துப்போன காலில் கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரியும், வலிக்காது, அது போலத்தான் இருந்தது. பேச வேறு என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே தேடினோம். உன்னைப் பற்றிப் பேசினோம், அது சீக்கிரம் தீர்ந்துவிட்டது. மில்லில் வேலை செய்த ஒரிசாப் பையன்கள் தண்டவாளத்தோரம் மூட்டை தூக்கிக்கொண்டு ஆந்திரா பக்கம் நடந்து போகிறார்களாம், யாரோ ஃபோனில் சொன்னார்களாம், அதைச் சொன்னார். பாவம் என்றேன். பாவந்தான் என்றார். பிறகு, படுக்கட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். படுங்க என்றேன். அவர் படுத்தார், நான் சமையல்கட்டில் பழைய டப்பாக்களை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் நாங்கள் செய்த வேலைகளெல்லாம் அந்த ஒரு பகல் மறுபடியும் வந்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்ததுதான். ஷெல்ஃப், கால் மிதி, கொசுவலை, பழைய சைக்கிளுக்குப் பெயின்ட், எல்லாம். நீ ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுத்தாய்.

உலையை மறுபடி பற்ற வைத்துவிட்டார்கள் என்று மில்லிலிருந்து ஃபோன் வந்த அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய், நைனா வேலைப் பைத்தியம் என்று கிண்டல் செய்தாய். அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பியதும் நான் கதவைச் சாத்தினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் பாபு, இதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். என் புருஷன் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், என்னை ஒரு சொல் சொன்னது கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் வீட்டை விட்டுப் போனதும் எனக்கு மூச்சு வந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். யார் மேல் தப்பு என்று சொல்ல முடிந்தால் அழுது தீர்த்துவிடலாம். பிள்ளை ஒரு நிமிஷம் தனியாக இருக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம், நீயும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இல்லை. அதில் நாங்கள் ஜெயித்தோம்.

ஆறு மாசந்தானம்மா என்று நீ சொல்வாய். நாங்களும் அதைத்தான் சொன்னோம். நாங்கள் உங்களை மாதிரி இல்லை, வாட்ஸ்அப் இருக்கிறது, வீடியோ கால் இருக்கிறது என்பாய். இருக்கட்டும். சாப்பிட்டாயா என்று ரேவதி உனக்கு மெசேஜ் அனுப்புவாள், நீ கட்டைவிரல் அனுப்புவாய். அவள் கையில் சூடு பட்டால் அந்தக் கட்டைவிரலுக்குத் தெரியாது. நீங்கள் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். கம்பெனி கேன்டீனில் ஒரே ஷிப்டில் சாப்பிட உட்கார்ந்துதானே ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள்? உன் நைனாவும் நானும்கூட கல்யாணமான புதிதில் பேசிக்கொண்டே இருப்போம், நம்பமாட்டாய். எதிர்வீட்டு அம்மா, அப்படி இன்னாதான் பேசுவீங்களோ என்று கேலி செய்வாள். என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

அவர் மில்லை விட்டு வந்தும் நாளாகிவிட்டது, நானும் போன வருஷத்தோடு நின்றுவிட்டேன். நீ வரும்போதெல்லாம் நைனா தூங்குகிறார் என்று மெதுவாகப் பேசுவாயே, வயசாகிவிட்டது என்று நினைக்கிறாய். அவர் இன்னும் நைட் ஷிப்டில்தான் இருக்கிறார். மாற்றிப் பார்த்தார், முடியவில்லை. ராத்திரி முழுக்க விழித்து உட்கார்ந்திருக்கிறார், நான் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே விழுந்துவிடுகிறேன். லாக்டவுன் ஊருக்கு முடிந்தது, எங்களுக்கு முடியவில்லை. பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்பே கேட்டேன், ராத்திரி ஒன்னால முழிக்க முடியாதும்மா, நாங்க செகண்ட் ஷிப்ட் முடிச்சி வர நடுராத்திரி ஆவும் என்று நீதான் மறுத்தாய். அது நிஜம்தான். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நேற்று நீ ஃபோனை வைத்த பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். பட்டப்பகலில் அவரைத் தொட்டு எழுப்பினேன். இத்தனை வருஷத்தில் நான் அவரைப் பகலில் எழுப்பியதே கிடையாது, வீட்டில் ஏதோ பற்றிக்கொண்டது என்று பதறி எழுந்தார். ஒன்றுமில்லை, உட்காருங்க என்று நீ சொன்னதைச் சொன்னேன். அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மறுபடி தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"வேணான்னு சொல்லு அவன்கிட்ட. நாம பட்டது போதும்" என்றார்.

நாம் பட்டது என்று அவர் சொன்னதும்தான், அவரும் பட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்கு என்ன வழி என்று கேட்டேன். நீயும் நானும் யோசிக்காத ஒன்றை அவர் சொன்னார்.

"பகல்ல நீ பாத்துக்க. ராவுக்கு நான் கீறேன். எப்படியும் முழிச்சிக்கினுதான கெடக்கறேன்."

அதனால் பாபு, திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போனால் நீயும் ரேவதியும் ஒரே ஷிப்ட் கேளுங்கள். எந்த ஷிப்ட் கொடுத்தாலும் பரவாயில்லை, சேர்ந்து போங்கள், சேர்ந்து வாருங்கள், ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள், சண்டை போடுவதானாலும் ஒரே நேரத்தில் போடுங்கள். பாப்பாவைப் பொன்னேரியில் எங்களிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள், திரும்புகிறபோது எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். இந்த வீட்டில் எப்போதும் ஒருவர் விழித்திருப்பார். எங்கள் இரண்டு பேரையும் இனி மாற்ற முடியாது, ஆனால் பிள்ளை வளர்க்க இதைவிடத் தோதான வீடு கும்மிடிப்பூண்டி வரைக்கும் தேடினாலும் கிடைக்காது.

எங்களுக்குச் சிரமம் என்று நினைக்காதே. விடிந்ததும் அவர் பாப்பாவை என் கையில் கொடுப்பார். ராத்திரி பால் குடித்தாளா, எதற்கு அழுதாள், எத்தனை மணிக்குக் கண்ணசந்தாள் என்று சொல்லித்தானே கொடுக்க வேண்டும். சாயந்திரம் நானும் சொல்லித்தானே கொடுக்க வேண்டும்.

அம்மா